வெங்காயப் பட்டறையில் ஒரு பல்லி

சுவரில் பல்லி 'டிக்' என்றால் வீட்டில் எல்லோரும் அது எந்தத் திசையில் சொன்னது என்று பார்ப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். கால் மணி நேரம் கழித்து அடுத்த 'டிக்' வர வேண்டும் என்று உடம்புக்குள் ஏதோ ஒன்று காத்திருக்கத் தொடங்கிவிடும். வராது. சுவர்ப் பல்லிக்கு டைமர் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு சத்தம் போதும். காய்ந்த வெங்காயத் தோலும் சால்டரிங் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஆலத்தூர் கேட்டில் பஸ் மாறிச் செட்டிகுளம் பக்கம் போய் வந்த அந்த 2006ஆம் வருடம் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்றைக்குச் சென்சார் வேலைக்கு வரும் பிள்ளைகள் பெட்டியை வாங்கி, ஒட்டி, போனில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெட்டி பேசுகிறதா என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டு நின்ற நாட்கள் எங்களுக்கு இருந்தன.

சொல்லிவிட்டுத் தூங்கும் பெட்டி

துவாக்குடியில் வாடகை ஷெட் ஒன்றில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி சந்தானம் சார், பெரிய ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பார்த்தவர். அடுத்து டெக்னீஷியன் ரபீக். ஈயப் பொட்டு வைப்பதில் அவனுடைய கைக்கு ஈடு இல்லை, வாய்க்கும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்த நான் மூன்றாவது ஆள். அவ்வளவுதான் கம்பெனி.

நாங்கள் செய்தது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர். சூட்டையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சார், அதைப் படிக்க ஒரு சின்ன சிப், அனுப்ப ஒரு ரேடியோ, இரண்டு பென் டார்ச் செல். அந்த இரண்டு செல்லில் வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்பதுதான் வித்தை. எப்படி ஓடும்? தூங்கித்தான். கால் மணிக்கு ஒரு தடவை கண் விழிக்கும், சூடு எவ்வளவு என்று பார்க்கும், கண் சிமிட்டும் நேரத்துக்குள் காற்றில் ஒரு வார்த்தையை எறியும், திரும்பப் படுத்துவிடும். அந்த வார்த்தை யார் காதில் விழுந்தது, விழவே இல்லையா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் பாட்டரி தீர்ந்துவிடும். விழித்திருக்க வேண்டியது ரிசீவர். எப்போது எந்தப் பெட்டி வாய் திறக்கும் என்று தெரியாமல் இருபத்து நாலு மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்த ரிசீவரின் மேல் தனிப் பிரியம்.

சந்தானம் சார் பல இடங்களில் கேட்டு அலைந்து, கடைசியில் சின்ன வெங்காயத்தில் வந்து நின்றார். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கி, வயலிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். கல் அடுக்கி, அதன்மேல் கழி பரப்பி, இரண்டு பக்கமும் பருத்தி மாரால், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளால், தட்டி கட்டி, நீளமாக, இடுப்புயரத்துக்கு வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வார்கள். கீழேயும் பக்கத்திலும் காற்று புகுந்து ஓட வேண்டும். ஓடினால் மாசக்கணக்கில் இருக்கும். எங்கேயாவது காற்று நின்றால் உள்ளே புழுங்கும், சூடு ஏறும், அழுகல் பிடிக்கும். வாசம் வெளியே வரும்போது பாதிப் பட்டறை போயிருக்கும்.

செட்டிகுளம் பக்கம் வெங்காயம் போடும் பாப்பாத்தி அக்காவுக்கு முந்தின வருடம் அப்படித்தான் போயிருந்தது. அவர் வீட்டுக்காரர் துபாயில். நிலம், மோட்டார், ஆள், வண்டி எல்லாமே அக்காதான். நாங்கள் டிரையல் வைக்க இடம் கேட்டுப் போனபோது முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாசம் வர்றதுக்கு முன்னாடி சொல்லுமா?"

"சொல்லும்ங்க அக்கா" என்றேன்.

"அப்ப வெய்யி. இந்தத் தடவ இது வெத வெங்காயம். ஐப்பசி நடவுக்கு இத நம்பித்தான் ஒக்காந்துருக்கேன். வெலைக்கு வாங்கி நட எனக்குத் தெம்பில்ல."

அவருடைய கொழுந்தன் முத்துசாமி வரப்பில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "அண்ணி, ஏவாரி வூட்டு வாசல்ல நிக்கிறான். பேசாம அவன்கிட்ட தள்ளிவுட்டுட்டுக் காச வாங்குறத வுட்டுட்டு, வெங்காயத்துக்கு ஜொரம் பாக்குறியா நீ?"

"நீ மொதல்ல ஒம் பல்ல பாரு" என்றார் அக்கா.

வெறும் பட்டறைக்குள் கழிகளுக்கு நடுவில் நான்கு பெட்டிகளைக் கட்டினோம். ரிசீவர் மோட்டார் ரூமில். செய்தி வந்தால் தெரிய வேண்டும் என்று ரபீக் அதில் ஒரு சின்ன பஸ்ஸரை வைத்திருந்தான். அக்காவும் ரபீக்கும் நானும் அந்த இருட்டு ரூமில், எண்ணெய் பிசுக்கேறிய ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலிருந்த ரிசீவரைப் பார்த்தபடி நின்றோம்.

டிக்.

எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. வயலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, கம்பியில்லாமல் ஒரு எண் வந்திருக்கிறது. ரபீக் "மாஷா அல்லா" என்று என் தோளைத் தட்டப் போய், நான் பெண் என்பது நினைவுக்கு வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் தட்டினான். அக்கா மேலே கூரையைப் பார்த்தார்.

"பல்லி சொல்லிருச்சே. எந்தப் பக்கம்?"

"பல்லி இல்லீங்க அக்கா. ஒங்க பட்டறை" என்றேன்.

அக்கா ரிசீவரைக் குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து அதன் பெயர் பல்லி.

நிறைந்ததும் ஊமை

அடுத்த வாரம் வெங்காயம் ஏறியது. பெண்கள் கூடை கூடையாகக் கொட்ட, பல்லி கால் மணிக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டே இருந்தது. பட்டறை பாதி நிறைந்தபோது ஒரு பெட்டியின் குரல் விட்டுவிட்டு வந்தது. முக்கால் நிறைந்தபோது இரண்டு பெட்டிகள் வாயை மூடின. கீற்று வேய்ந்து முடிந்தபோது மோட்டார் ரூமில் மயான அமைதி.

ரபீக் ஆண்டெனாவைத் திருப்பினான், ரிசீவரைக் கூரையில் ஏற்றினான். ஒன்றும் இல்லை. "மேடம், நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசுச்சு. வெங்காயத்தப் பாத்து அழுவுதோ என்னமோ."

சந்தானம் சாருக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டேன். முழுதும் கேட்டார். பிறகு, "வெங்காயம்னா என்னம்மா?" என்றார்.

"வெங்காயம்தான் சார்."

"தண்ணிம்மா. அவ்வளவும் தண்ணி. கொளத்துக்குள்ள ரேடியோவ முக்கிட்டுக் கரையில நின்னு காது குடுத்தா கேக்குமா?"

நான் பூத்துக்குள் நின்று சிரித்தேன். பூத்துக்காரர் முறைத்தார். காலிப் பட்டறையில் சோதித்ததை நம்பிய கம்பெனியின் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தோம். ரேடியோ அலை காற்றில் பறக்கும், பருத்தி மாரில் நுழையும், கீற்றில் நுழையும். ஈரம் நிறைந்த ஒரு குவியலுக்குள் அது செத்துப்போகும். இன்றும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: காலி இடத்தில் வேலை செய்யும் ரேடியோவை நம்பாதே, நிறைந்த இடத்தில் செய்து காட்டச் சொல்.

வழி கிடைத்தது. அடியில் கழி இடுக்கு வழியாகப் பெட்டிகளை உருவி எடுத்தோம். சென்சார் மட்டும் ஒரு ஒயரின் நுனியில் குவியலுக்குள் இறங்கும். பெட்டி, அதாவது ரேடியோ, கூரைக்கு மேல் ஒரு மூங்கில் குச்சியில் நிற்கும். பக்கத் தட்டியை அங்கங்கே விலக்கி, கைக்கு எட்டாத தூரத்துக்கு ஒரு இரும்புக் கம்பியால் நான்கு சென்சாரையும் செருகினோம். அக்கா ஒவ்வொரு செருகலுக்கும் தன் இடுப்பில் குத்தினாற்போல முகம் சுளித்தார்.

நான்கு மூங்கில் குச்சிகளில் நான்கு வெள்ளைப் பெட்டிகள். வெயிலில் நீளமான பட்டறை ஒரு படகு போலவும் அவை அதன் கொடிகள் போலவும் இருந்தன. டிக். டிக். மதியச் சோறு இறங்கவில்லை எனக்கு, சந்தோஷத்தில்.

கிளம்பும்போது ரபீக் பொருட்களை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "மூணாம் நம்பர் மூடிக்கு ஒரு ஸ்க்ரூ கம்மி. அடுத்த வாட்டி போட்டுக்கலாம். தண்ணி படாம பாத்துக்கங்க அக்கா" என்றான். செட்டிகுளம் பஸ் ஹாரன் அடித்தது. ஓடினோம்.

மூணாம் நம்பர்

ரிசீவருடன் ஒரு ஜிஎஸ்எம் மோடம் இணைத்திருந்தோம். மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் துவாக்குடிக்கு வரும். நான் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நான்கு கோடுகளாக வரைவேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்று நான்கு கோடுகளும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, வெயிலோடு ஏறி, விடியலோடு இறங்கின. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வயலின் மூச்சு அது. ஆடியில் காற்று பிய்த்து எடுத்தபோது கோடுகள் கீழே இறங்கின. பட்டறைக்குள் காற்று ஓடுகிறது என்று துவாக்குடியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்தது.

ஆவணியில் சாயங்கால மழை தொடங்கியது. மூன்றாவது கோடு மற்றவற்றை விட்டுப் பிரிந்தது.

முதல் நாள் ஒரு டிகிரி. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மற்ற மூன்றும் முப்பத்து மூன்றில் நிற்க, இது முப்பத்து எட்டைத் தொட்டது. அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு குழு டிரையலைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் கம்பெனிக்கு ஆர்டர். இன்னும் இரண்டு நாள்.

சந்தானம் சார் திரையைப் பார்த்தார். "சென்சார் ட்ரிஃப்ட். அது காட்டுறதே தப்பு. மத்த மூணும் நல்லாருக்கு. விடும்மா."

"ட்ரிஃப்ட்டுன்னா ராத்திரி பகல் பாக்காம ஏறும் சார். இது விடியக்காலைல எறங்குது, மத்தியானம் ஏறுது. ஈரமும் கூடவே ஏறுது. உள்ள நெஜமாவே புழுங்குது."

"மழை பேஞ்சா ஈரம் ஏறத்தான் செய்யும்."

"அப்ப நாலும் ஏறணும்ல சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விட்டுக்கொடுக்கும்போது அதுதான் அவர் செய்வது. "போயிட்டு வா. ரபீக்கையும் கூட்டிக்க. ஆனா பட்டறையப் பிரிக்கச் சொல்லிடாத. பிரிச்ச பட்டறைய வெச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு நான் என்னத்தக் காட்ட?"

பஸ்ஸில் சீட் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. பாடாலூர் தாண்டும்போது ரபீக் கேட்டான். "மேடம், அந்த வெங்காயம் போச்சுன்னா அந்தக்கா என்ன பண்ணும்?" பதில் எங்கள் இருவருக்குமே தெரியும். ஏவாரியிடம் தள்ளாமல், கொழுந்தன் பேச்சைக் கேட்காமல், எங்கள் பெட்டியை நம்பி வைத்திருக்கும் விதை அது. அது போனால் ஐப்பசியில் நிலம் சும்மா கிடக்கும்.

வரப்பில் ஏறியதும் பார்த்தேன். நான்கு மூங்கில் குச்சிகளில் மூன்றின் உச்சியில்தான் வெள்ளைப் பெட்டி தெரிந்தது. மூன்றாவதின் இடத்தில் நீலத் தார்ப்பாய். பெட்டியைத் தலையோடு மூடி, கூரையில் படுத்து, மேற்குப் பக்கத் தட்டி முழுக்கத் தொங்கி, காற்றில் பறக்காமலிருக்க அடியில் கல் வைத்து அழுத்தியிருந்தது. காற்று புகும் பக்கமே அந்த மேற்குப் பக்கம்தான்.

ரபீக் நின்றுவிட்டான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன்.

அக்கா தலையில் முக்காட்டுத் துணியோடு வந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க வாங்க. பாத்தியா பாய், நீ சொன்ன மாதிரி ஒரு பொட்டுத் தண்ணி படல. மழ தூறுன அன்னிக்கே போத்திட்டேன். மத்த மூணும் நனையுது, ஆனா அதுக்கெல்லாம் ஸ்க்ரூ இருக்குன்னு வுட்டுட்டேன்."

"அக்கா" என்றான் ரபீக். அடியில் இருந்த கல்லைத் தூக்கப் போனான்.

அது மழைத் தண்ணீரால் வந்த சூடு இல்லை. ஒரு சோப்பு டப்பா நனையக் கூடாது என்று அக்கா தன் விதையின் மூச்சை அடைத்திருந்தார். பிளாஸ்டிக் தார்ப்பாய் ரேடியோவை மறிக்காது. அதனால் பெட்டி உள்ளிருந்து விடாமல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டது துவாக்குடி.

தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். அடியில் அடைந்து கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. லேசான புளிப்பு. அக்கா தட்டியை விலக்கித் தோள்வரை கையை விட்டார். அப்படியே நின்றார். கையை எடுத்தபோது விரல்கள் பிசுபிசுத்தன.

"சுடுது" என்றார்.

முத்துசாமி அதற்குள் வந்துவிட்டார். "கம்பெனிக்காரங்க வெங்காயத்துக்குச் சூடு பாக்க வந்தாங்க. கடைசில சூடே வெச்சுட்டுல்ல போயிருக்காங்க. அண்ணி, கையோட பிரிச்சுக் கொட்டு. ஏவாரிக்கு ஆள வுட்டு வண்டிய வரச் சொல்றேன். கெடைக்கிறது கெடைக்கட்டும்."

"கொஞ்சம் பொறு."

"என்னா பொறுக்கச் சொல்ற? நீ பொறுப்ப, வெங்காயம் பொறுக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "பாப்பா. காத்து வுட்டாச்சு. இனிமே அடங்குமா, அடங்காதா?"

எனக்குத் தெரியாது. வெங்காயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. நடுக்குவியலில் அழுகல் பரவத் தொடங்கியிருந்தால் அதன் சூடு அடங்காது. வெறும் புழுக்கம் என்றால் அடங்கும். அதைச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூணாம் நம்பர் கால் மணிக்கு ஒருக்க முழிக்கும். அது சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றேன்.

விலக்கிய தட்டி வழியே கைக்கு எட்டும் மட்டும் மெத்தென்று போன வெங்காயத்தை எடுத்துப் போட்டோம். ஒரு கூடை சேர்ந்தது. பிறகு நான்கு பேரும் மோட்டார் ரூமுக்கு நடந்தோம். ரபீக் ரிசீவருடன் டிஸ்ப்ளேயை இணைத்தான்.

டிக். நான்காம் நம்பர். நாங்கள் கேட்டது அது இல்லை. டிக். ஒன்று. முத்துசாமி பீடியை எடுத்தார், அக்கா பார்த்த பார்வையில் திரும்ப மடியில் செருகிக்கொண்டார்.

டிக். மூன்று. முப்பத்து எட்டு புள்ளி நாலு.

"ஏறிருக்கா, எறங்கிருக்கா?" என்றார் அக்கா.

"அப்படியேதான் இருக்குங்க."

மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் காற்று வந்தது. ரூமின் தகரக் கதவு படபடத்தது. என் வாழ்க்கையில் காற்றடிக்கும் சத்தத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. இந்நேரம் பட்டறைக்குள் நுழைந்திருக்கும், இந்நேரம் நடுவைத் தொட்டிருக்கும் என்று மனசு அதன் பின்னாலேயே ஓடியது.

டிக். முப்பத்து எட்டு புள்ளி நாலு.

"நான் வண்டிக்குச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று முத்துசாமி கதவுக்கு நகர்ந்தார்.

"முத்து, ஒக்காரு. இன்னொரு தடவ பல்லி சொல்லட்டும்."

இன்னொரு கால் மணி நேரம் ஓடியது. ரபீக்கின் உதடு அசைந்துகொண்டிருந்தது. துஆ ஓதினான் என்று நினைக்கிறேன்.

டிக்.

நான் எண்ணைப் படிப்பதற்கு முன்பே ரபீக் படித்துவிட்டான். "முப்பத்தேழு புள்ளி ஒம்போது. அக்கா, எறங்கிருச்சு. எறங்கிருச்சுக்கா."

அடுத்தது முப்பத்து ஏழு புள்ளி இரண்டு. அதற்கடுத்து முப்பத்து ஆறு புள்ளி ஐந்து. மழையும் இறங்கியது. வெள்ளைப் பெட்டிகள் நான்கும் நனைந்துகொண்டு நின்றன. மூன்றாம் நம்பர் மூடிக்கு ரபீக் ஸ்க்ரூ போட்டு, தன் பாக்கெட்டிலிருந்து டேப்பும் சுற்றியிருந்தான். முத்துசாமி ஒவ்வொரு 'டிக்'குக்கும் "இப்ப எத்தன?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். கடைசி பஸ்ஸை விடப்போகிறோம் என்று எங்களை விரட்டியதும் அவர்தான். "போங்க, நான் பாத்துக்கிறேன் பல்லிய."

இரண்டு நாள் கழித்துச் சென்னைக் குழு வயலுக்கே வந்தது; கம்ப்யூட்டரை மோட்டார் ரூமில் கொண்டுவந்து வைத்திருந்தோம். மூன்றாவது கோட்டின் மேட்டைக் காட்டி, "இது என்ன, சென்சார் ஃபால்ட்டா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். சந்தானம் சார் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அக்கா, "அது நான் தார்ப்பாய் போட்ட நாளு. இந்தா, இது எடுத்த நாளு" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். அந்த விரலுக்குப் பிறகு சார் பேச வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஆர்டர் வெங்காயத்துக்கு வரவில்லை. தா.பழூர்ப் பக்கம் விதைநெல் வைக்கும் கிடங்குகளுக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய எழுத்தில் ஒட்டினோம்: 'இது நனையலாம். மூட வேண்டாம்.' ஒட்டியது ரபீக்.

நான் கற்றது இரண்டு. ஓரிடத்தை அளக்க ஒரு கருவியை வைத்தால், அந்த இடம் பழைய இடமாக இருப்பதில்லை. அங்கே உள்ளவர்கள் அதைத் தங்கள் பொருளைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்றது, சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது டிரான்ஸ்மிட்டருக்குத்தான் சரி. பஸ் ஏறும் அவசரத்தில் நாம் எறியும் வார்த்தையையும் யாரோ ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்.

கழற்றிய நாள்

ஐப்பசியில் பட்டறையைப் பிரித்தார்கள். பெட்டிகளைக் கழற்ற நாங்கள் போயிருந்தோம். வெங்காயம் கூடையில் சரசரத்து விழுந்தது. மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்துக் கிடந்தது. மற்றவையெல்லாம் செவசெவ என்று, சில முளை நீட்டிக்கொண்டு, நிலத்துக்குப் போகத் துடித்தன. பாத்தியில் பெண்கள் வரிசையாகக் குந்தி ஊன்றிக்கொண்டு போனார்கள். முத்துசாமி தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

மோட்டார் ரூமில் ரிசீவரின் ஒயரைப் பிடுங்கினேன். அதன் பச்சை விளக்கு அணைந்தது. அதுவரை அது அணைந்து நான் பார்த்ததில்லை.

அக்கா பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். மண் ஒட்டிய கையால் ஒரு பை விதை வெங்காயத்தை என்னிடம் கொடுத்தார். பஸ் தூரத்தில் தெரிந்தது. ரபீக் பெட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அக்கா, பைய வெயில்ல வெக்காதீங்கன்னு சொல்லுங்க மேடத்துக்கிட்ட" என்று விளையாட்டாகச் சொன்னான்.

பஸ் வந்து நின்றது. படியில் ஏறினோம். அக்கா கீழே நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, ரபீக்கைப் பார்த்துச் சொன்னார்.

"பாய், போற போக்குல ஒண்ணும் சொல்லாத. எறங்கி நின்னு சொல்லு."